பதினாலு பி, ஏழாவது குறுக்குத் தெரு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் ஆறாவது குறுக்குத் தெருவில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிற லூர்தக்கா. சொன்னது போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது. அவள் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, அதிலும் பெரிய வெள்ளிக்கிழமையில் சொல்லவே மாட்டாள், அதனால் அவள் சொன்னபடியே நானும் சொல்லுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது, அந்தக் கம்பெனியில் ஜெசிந்தா என்று ஒருத்தி வேலை பார்த்தாள், அப்போது முப்பத்தாறு வயசு, கல்யாணம் அமையவில்லை, அம்மா தவறிப்போய் மூணு வருஷம், ஆறாவது குறுக்குத் தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். பார்சல் அனுப்புகிறவர்கள் ஆட்களின் விலாசத்தைச் சேர்த்துவைக்க ஒரு புரோகிராமை அந்தக் கம்பெனி உலகம் பூராவும் விற்றது. வாங்கினவர்கள் அதை எப்படி உபயோகிக்க வேண்டும் என்று விளக்கி எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. அந்த விளக்கத்தை அவர்கள் டாக்குமெண்டேஷன் என்பார்கள், தாளில் இருக்காது, கம்ப்யூட்டருக்குள்ளேயே பக்கம் பக்கமாக இருக்கும். வெறும் விளக்கம் யாருக்கும் விளங்காது, பக்கத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு வைக்க வேண்டும், இப்படி எழுதினால் இப்படி நடக்கும் என்று கம்ப்யூட்டர் பாஷையில் நாலு வரி, அதைக் கோட் என்பார்கள், அதில் மாதிரிக்கு ஒரு ஆள்.

மற்றவர்கள் ராமு சோமு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஜெசிந்தாவுக்கு மனசு கேட்காது, நிஜமாகவே ஒரு ராமு எங்கேயாவது இருந்து, அவர் வீட்டு வாசலில் தெரியாத பார்சல் வந்து நின்றால் அந்த மனுஷன் பயந்துபோவாரே என்று யோசிப்பாள். அதனால் அந்தக் கம்பெனியில் யாருக்கும் இல்லாத பேராகத் தேடி, பிரமசக்தி என்று வைத்தாள். வயசு நாற்பத்திரண்டு என்று வைத்தாள். அவர்கள் காலனியில் குறுக்குத் தெரு ஆறோடு முடிந்து மதில் வந்துவிடும், அதனால் பதினாலு பி, ஏழாவது குறுக்குத் தெரு என்று விலாசம் வைத்தாள். பார்சலில் கருப்பட்டி ரெண்டு கிலோ வைத்தாள். கடைசியில் ஒரு கட்டம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று. அதைக் காலியாக விட்டாள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவதற்கு ஏதாவது ஒன்று காலியாக இருந்தாக வேண்டும். ஆனால் எத்தனையோ கட்டம் இருக்க அந்தக் கட்டத்தை விட்டதற்குக் காரணம், அந்த வாரம்தான் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள், அதிலும் இதே கட்டம் இருந்தது, அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெசிந்தா காலியாகவே திருப்பிக் கொடுத்திருந்தாள்.

மூணு வருஷம் அந்தப் பக்கம் சும்மா கிடந்தது, நாளைக்குப் பத்துப் பேர் பார்த்தால் அதிகம். அதன் பிறகுதான் ஏஜென்ட்டுகள் வந்தன. ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. வேலையைச் சொல்லிவிட்டால் தானே உட்கார்ந்து கோட் எழுதுகிற இயந்திர மூளை. அது எழுதுவதற்கு முன்னால் டாக்குமெண்டேஷனைப் பார்த்துவர ஒரு கருவியை அனுப்பும். அந்தக் கருவி பக்கம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வராது, எடுத்துக்காட்டை மட்டும் பறித்துக்கொண்டு வரும், இலையையும் கிளையையும் விட்டுவிட்டு முருங்கைக்காயை மட்டும் இழுக்கிற மாதிரி. அதனால் ஆபீஸில் அதற்குத் துரட்டி என்று பேர். பத்துப் பேர் பார்த்த பக்கத்துக்குத் துரட்டி நாளைக்கு மூணு லட்சம் தடவை வந்தது. மூணு லட்சம் தடவை பிரமசக்தி, பிரமசக்தி, பிரமசக்தி என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கூப்பாடு எழுந்தது, அப்படிக் கூப்பிட்டால் யார்தான் வராமல் இருப்பார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஆபீஸில் டீ வந்த நேரத்துக்கு, பிரமசக்தி வந்துவிட்டாள்.

கிளிப்பச்சைச் சேலை, கையில் ஒரு வயர் கூடை. படியேறி வந்து வாசலில் நின்றாள்.

"கூப்பிட்டியளே, வந்திட்டேன்."

"யாரைப் பாக்கணும்மா?" என்றார் செக்யூரிட்டி மாடசாமி அண்ணாச்சி.

"யாருன்னு தெரியலயே. விடிஞ்சதுல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ."

அவர் நோட்டைத் தள்ளினார். அவள் எழுதவில்லை, நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் சொன்னாள்: "பிரமசக்தி, வயசு நாப்பத்திரெண்டு, பதினாலு பி, ஏழாவது குறுக்குத் தெரு, கருப்பட்டி ரெண்டு கிலோ."

"அவசரம்னா யாருக்குப் போன் பண்ண? அதையும் சொல்லுங்க, காலியா விடக்கூடாது."

"எனக்கு அது காலிதான் அண்ணாச்சி."

ரெண்டாவது மேஜையில் டீ டம்ளரோடு இருந்த ஜெசிந்தாவுக்குக் கேட்டது. லூர்தக்கா சொன்னாள், அவள் பயப்படவும் இல்லை, அதிசயப்படவும் இல்லை, ஒருத்தரைக் கேட்காமல் அவர் நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டவள் அவரை நேரில் பார்த்தால் எப்படிக் குறுகிப்போவாளோ அப்படிக் குறுகிப்போனாள் என்று. எழுந்துபோய்க் கையைப் பிடித்து, "வாங்கக்கா, நாந்தான் எழுதினேன், உக்காருங்க" என்றாள்.

பிரமசக்தி உட்கார்ந்தாள். முழுசாக உட்காருவதற்குள் எழுந்தாள், மூணு எட்டு நடந்தாள், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேரையும் வயசையும் விலாசத்தையும் கருப்பட்டியையும் சொன்னாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஒரு கூப்பாட்டுக்கு ஒரு தடவை எழுந்தால் உடம்பு தாங்காது என்று நூறு கூப்பாட்டைச் சேர்த்துவைத்து ஒரு தடவை எழும்பப் பழகியிருந்தாள், அப்படியும் அரை நிமிஷத்துக்கு மேல் அவளால் ஒரு இடத்தில் தரிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஜெசிந்தா அவளைக் காலனிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார முடியாமல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டே வந்தாள், கண்டக்டர் ரெண்டு தடவை முறைத்தார், மூணாவது தடவை, "அந்தம்மா பஸ்ஸுல வரல, கூடவே நடந்துதான வாரா" என்று டிக்கெட் கேட்காமல் விட்டுவிட்டார். ஆறாவது குறுக்குத் தெரு முடிகிற இடத்துக்கு வந்ததும் பிரமசக்தி மதிலைப் பார்த்து நின்றாள். அவள் விலாசம் அதற்கு அப்பால் இருந்தது, அப்பால் ஒன்றும் இல்லை.

காலனிச் சங்கத்துச் செயலாளர் தாசையா சார் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விலாசம் தப்பாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டார்.

"ஆளு கண்ணு முன்னால நிக்கா. தெரு இல்லன்னு நாம எப்படிச் சொல்ல?"

தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ரெண்டு ஆள் கையை விரித்து நிற்கிற அகலத்தில் ஒரு சந்து இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி, ஏழாவது குறுக்குத் தெரு என்று பெயின்ட்டில் எழுதி, தகரம் போட்டு ஒரு அறை கட்டி, கதவில் 14பி என்று எழுதினார்கள்.

"ஒண்ணுல இருந்து பதிமூணு வரைக்கும் எங்க சார்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"வருவாவ. தெருவே இப்பதான வந்திருக்கு."

அதற்குப் பிறகு காலனியே அவளுக்குப் பழகிவிட்டது. அவள் கூடையில் இருக்கிற கருப்பட்டி ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் திரும்ப ரெண்டு கிலோ ஆகிவிடும், எடுத்தாலும் ரெண்டு கிலோ, எடுக்காவிட்டாலும் ரெண்டு கிலோ, அதனால் முதல் தெருவிலிருந்து ஆறாவது தெரு வரைக்கும் எல்லா வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி மணத்தது, சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் அவளைக் கண்டால் வழியை மாற்றிக்கொண்டு போனார்கள். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார். கேபிள்காரர் காலனி இன்டர்நெட்டை ஒரு நாள் பூராவும் நிறுத்திப் பார்த்தார், கூப்பாடு வேறே எங்கிருந்தோ அல்லவா வருகிறது, நின்றபாடில்லை, பிள்ளைகள் பாடம் கெட்டதுதான் மிச்சம். ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னால் ரேகை விழுவதற்குள் எழுந்து போய்விடுவாள். கோயிலில் பிரார்த்தனைக்கு வந்தால் ஓரமாக நிறுத்துவார்கள். ஒரு நாள் புனிதர்களின் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறபோது நடுவில் அவள் எழுந்து, "பிரமசக்தி, வயசு நாப்பத்திரெண்டு" என்று சொல்ல, முன்வரிசைப் பெண்கள் பழக்கத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சேர்ந்து சொல்லிவிட்டார்கள். சாமியார் அடுத்த பேருக்குப் போனார். வேண்டிக்கொண்டால் நல்லதுதானே.

ஆனால் அவள் மெலிந்துகொண்டே வந்தாள். லூர்தக்கா தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடப்பாள், ஓடுகிற பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, திரும்புகிறபோது ஒரு வாய், நடக்கிறபோது ஒரு வாய்.

"நின்னு ஒரு வாய் வாங்கிட்டுப் போளா, ஒன்னய யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாவ."

"இந்தா வந்திட்டேன் லூர்தக்கா, கூப்பிடுதாவ."

"கூப்பிடட்டும். எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷமா கூப்பிடுதாரு, நான் என்ன ஓடிக்கிட்டா இருக்கேன்?"

பிரமசக்தி சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் எழுந்து போனாள். ஒரு நாள் ஜெசிந்தாவின் மாடி அறைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, நீதான எழுதுன. ஒன்கிட்டதான் கேக்கணும். எனக்கு உக்காந்து ஒரு வேளை சோறு திங்கணும். இலை போட்டு, குழம்பு, ரசம், மோருன்னு வரிசையா, நடுவுல எந்திரிக்காம. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, எடுத்துக்காட்டுக்கு மேலே கொட்டை எழுத்தில், இவளைக் கூப்பிடுகிறவர்கள் தயவுசெய்து மெதுவாகக் கூப்பிடுங்கள், ஒரு தடவை கூப்பிட்டால் போதும், இவள் இன்னும் சாப்பிடவில்லை என்று எழுதினாள், ஜெபம் எழுதுகிற மாதிரி உருகி உருகி மூணு பத்தி எழுதினாள். ஒரு பயனும் இல்லை. துரட்டி காயை மட்டும்தானே இழுக்கும், சுற்றி எழுதினது எதுவும் அதற்குக் கண்ணில் படாது. தூரத்திலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல் போய்ச் சேர வேண்டுமானால் அது எடுத்துக்காட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் கோட்டுக்கு நடுவில் ஒரு வரி சேர்த்தாள்: ஒரு நிமிஷம் பொறு. அந்த எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதின எல்லா ஏஜென்ட்டும் அந்த வரியையும் அப்படியே எழுதின, எங்கெங்கோ பார்சல்கள் ஒரு நிமிஷம் நின்று நின்று போயின, பிரமசக்தி புதன்கிழமை மதியம் லூர்தக்கா வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குழம்புச் சோறு சாப்பிட்டாள். ரசத்துக்குக் குழி பண்ணினாள். அப்போது ஆபீஸில் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது, ஏதோ ஒரு ஊரில் பால் பார்சல் நின்று நின்று போய்த் திரிந்துவிட்டதாம், மேனேஜர் கோமதிநாயகம் சார் ஓடிவந்து அந்த வரியை எடுத்துவிட்டார், இலையில் ஊற்றின ரசம் குழியை விட்டு ஓட, பிரமசக்தி எழுந்து போய்விட்டாள்.

கோமதிநாயகம் சார் பொல்லாதவர் இல்லை, அவரும் தினம் அந்தக் கருப்பட்டிக் காப்பிதான் குடித்தார். "ஏம்மா ஜெசிந்தா, எதுக்கு இம்புட்டுப் பாடு? வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வருது. எடுத்துக்காட்டு எல்லாத்தையும் மெஷினே எழுதப்போவுது, கஸ்டமர் ஒண்ணு, கஸ்டமர் ரெண்டுன்னு. பிரமசக்தி பக்கத்தை எடுத்திருவோம். அவங்களுக்கும் ரெஸ்ட்டு, நமக்கும் ரெஸ்ட்டு."

ஜெசிந்தா சாயங்காலம் சந்துக்குப் போய், மறைக்காமல் சொன்னாள். பிரமசக்தி மூணு தடவை எழுந்துபோய் வந்து அதைக் கேட்டு முடித்தாள்.

"எடுத்திட்டா நான் எங்கன போவேன்?"

"தெரியலக்கா. கூப்பாடு நின்னுரும். நின்ன பெறவு நீங்க இருப்பியளா மாட்டியளான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"கூப்பிட்டதாலதான வந்தேன்." போனாள், சொன்னாள், வந்தாள். "சோறுதான தங்கச்சி கேட்டேன். சாவா கேட்டேன்?"

வியாழக்கிழமை ஜெசிந்தா லீவு போட்டுவிட்டுக் கோயிலில் போய் முழங்காலில் நின்றாள். அங்கே யாரோ நாலு பெண்கள் பிரார்த்தனை மாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், புனித மிக்கேலே, புனித சூசையப்பரே, புனித அந்தோணியாரே, ஒவ்வொரு பேருக்கும் வேண்டிக்கொள்ளும் வேண்டிக்கொள்ளும் என்று பதில் எழும்ப எழும்ப, அவள் மனசு ஒன்றிலும் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. சின்ன வயசிலிருந்து ஆயிரம் தடவை சொன்ன ஜெபம்தான். அன்றைக்குத்தான் ஒன்று கவனித்தாள். ஒரு பேரைக் கூப்பிட்டதும் அடுத்த பேருக்குப் போய்விடுகிறார்கள். கூப்பிடப்பட்டவர் வந்து, கேட்டு, திரும்பிப் போய் உட்கார நேரம் இருக்கிறது, அதற்குள் இன்னொருத்தர் எழுந்து வந்துவிடுகிறார். இத்தனை நூறு வருஷக் கூப்பாட்டை அவர்கள் தாங்கிக்கொண்டு நிற்பது அவர்கள் பலபேராக இருப்பதால்தான். ஜெபம் முடிவதற்குள் எழுந்து ஆபீஸுக்கு நடந்தாள், பாதித் தூரத்தில் ஓடினாள்.

பக்கத்தைத் திறந்தாள். பேர், வயசு, விலாசம், கருப்பட்டி, எல்லாம் அப்படியே இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்கிற காலிக் கட்டத்தில் ஜெசிந்தா என்று எழுதினாள், பிரமசக்தி உட்கார்ந்திருக்கிற நேரத்துக் கூப்பாட்டுக்கு இனி இவள் எழுந்து போகலாம்.

கோமதிநாயகம் சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். "என்னம்மா இது? காலியா இருந்தா என்ன செய்யணும்னு காட்டத்தான அதைக் காலியா விட்டோம்?"

"அதைத்தான் சார் காட்டியிருக்கேன். காலியா இருந்தா யாராவது ஒருத்தர் தன் பேரை எழுதணும்."

அவர் குனிந்து அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை மத்த பக்கத்தையெல்லாம் மாத்திருவேன். இதை மட்டும் விட்டிருதேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புதுப் பதிப்போடு அந்தப் பக்கமும் வெளியே போனது, அன்றைக்கு மதியம் பதினாலு பி-யில் லூர்தக்கா இலை போட்டாள், ஜெசிந்தா அன்றைக்கும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். பிரமசக்தி உட்கார்ந்தாள், எழும்பக் கையை ஊன்றினாள். அப்போது ஜெசிந்தாவுக்குக் கேட்டது. காதில் விழுகிற சத்தமாக இல்லையாம் அது. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் புத்தகத்தை வைப்பதற்கு முன்னாலேயே கால் எழுந்துவிடுமே, அப்படி இருந்ததாம். அம்மா போன ஆறு வருஷமாக வேலைக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் சொல்லாத பேரை இப்போது உலகமே சொன்னது. ஜெசிந்தா எழுந்தாள், மூணு எட்டு வைத்தாள், "ஜெசிந்தா, வயசு முப்பத்தொம்போது, ஆறாவது குறுக்குத் தெரு, பிரமசக்திக்கு ஆளு நான்" என்று சொன்னாள். திரும்பினாள், மறுபடி போனாள். அவள் போக வர, போக வர, பிரமசக்தி குழம்புச் சோறு சாப்பிட்டாள், ரசத்துக்குக் குழி பண்ணி ரசம் சாப்பிட்டாள், மோரைக் கையில் ஊற்றிக் குடித்தாள், அவசரப்படாமல் இலையை மடித்தாள். மடித்த இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். லூர்தக்கா எனக்கு இதைச் சொல்லும்போது அந்த இடத்தில்தான் கண்ணைத் துடைத்தாள்.

"இப்ப நீ உக்காரு தங்கச்சி. நான் போறேன்."

அப்படி மாறி மாறித்தான் ரெண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். ஒருத்தி உட்கார்ந்தால் ஒருத்தி நிற்க வேண்டும். ரெண்டு இலை சேர்த்துப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்தபோது இன்னொரு பேர் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு லூர்தக்கா தன் பேரைக் கொடுத்தாள், இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூணு எட்டு நடந்து வருவாள். திங்களுக்குத் தாசையா சார் கொடுத்தார், அவர் பேர், வயசு, பின்கோடு எல்லாம் தந்தி மாதிரி சுருக்கமாகச் சொல்வார். செவ்வாய்க்கு மாடசாமி அண்ணாச்சி, வியாழனுக்கு அந்தப் பஸ் கண்டக்டர். வெள்ளிக்கு யாருக்கும் சொல்லாமல் கோமதிநாயகம் சார். சனிக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன், கால் வலிதான், ஆனால் வலிக்கிற வலியில்லை.

புதன்கிழமைக்குத்தான் ஆள் இல்லை. மதியம் ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும், ஒரே ஒரு மணி நேரம். உங்கள் பேரையும் வயசையும் விலாசத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி லூர்தக்கா வண்டியில் கொடுத்துவிடுங்கள்.